குளவியன்று, மலைத்தேனீ

மலையகச் செய்திகளை நாள்தோறும் படித்து வருவோர், ஒரு தலைப்பினை அடிக்கடி கண்டிருப்பர். தோட்டத் தொழிலாளர் சிலர் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையிலே சேர்க்கப்பட்டனர் என்பதே அத்தலைப்பு. தோட்டத்தின் பெயர் மாறும். தொழிலாளரின் தொகை மாறும். சில வேளைகளில், வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டவர் உயிர் துறந்தார் என்ற துயரமும் அதனோடு சேரும். குளவி மாத்திரம் மாறுவதில்லை. ஆயின், தலைப்பைக் கடந்து செய்தியினுள்ளே புகுந்து பார்த்தால், உயர்ந்த மரமொன்றிலே தொங்கிய கூடு கலைந்தது என்றும், ஆயிரக்கணக்கானவை திரண்டு வந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைச் சூழ்ந்தன என்றும், ஓடிய பின்னும் துரத்தின என்றும் பல செய்திகளிலே காணலாம். ஓங்கிய மரத்தின் கிளையிலே கருந்திரைபோலத் திறந்தபடி தொங்குவது குளவிக் கூடன்று. அது மலைத்தேனீயின் அடை.

"இரண்டும் பறப்பவை, இரண்டும் கொட்டுபவை, கொட்டினால் இரண்டும் வலிப்பவை. பெயர் எதுவாயிருந்தால் என்ன?" என்று வினவுவார் உளர். சொல்லை வைத்துக்கொண்டு தமிழ்ப் பண்டிதர் விளையாடுகின்றார் என்று நகைப்பாரும் இருத்தல் கூடும். மாத்தளை மாவட்டத்திலே நெடுங்காலமாகத் தமிழ் கற்பித்து வருகின்ற எனக்கு, இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று என்பது நன்கு தெரியும். என் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுட் பலர், நாள்தோறும் அம்மரங்களின் கீழே கூடை சுமக்கும் தாய்மாரின் மக்கள். பெயர் தவறினால் காவல் தவறும். காவல் தவறினால் முதலுதவி தவறும். ஈற்றில், பழியில்லாத உயிரொன்று தீக்கு இரையாகும்.

ஒரு சொல் நடந்த வழி

குளவி என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. சங்கப் பாடல்களிலே குளவி என்றவுடன் எவரும் அஞ்சியோடவில்லை. அது மணமுள்ள மலர். மலைமல்லிகை என்றும் காட்டுமல்லிகை என்றும் உரைகாரர் அதற்குப் பொருள் கூறுவர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே, தலைவியும் தோழியும் பறித்துக் குவித்ததாகக் கூறப்படும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் குளவியும் ஒன்று. மலைநாட்டுப் பெண்கள் பறித்து மகிழ்ந்த பூவின் பெயரும், இன்று மலைநாட்டுப் பெண்கள் கேட்டு நடுங்கும் பூச்சியின் பெயரும் ஒலியால் ஒன்றாய் அமைந்தன.

பூச்சியைக் குறிக்குமிடத்தில், நம் முன்னோர் குளவி என்று பெரும்பாலும் எண்ணியது வீட்டுச் சுவரிலும் கூரை வளையிலும் மண்ணைக் குழைத்துச் சிறுகூடு கட்டும் உயிரையே. அது புழுவைக் கொண்டுவந்து கூட்டினுள் இட்டு மூடும். சில நாட்களின் பின்னர் அக்கூட்டிலிருந்து குளவி வெளிவரும். புழுவே குளவியாயிற்று என்று கண்டவர் கருதினர். புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்குவது போல, ஆசிரியன் மாணவனைத் தன்னைப் போல ஆக்குகின்றான் என்னும் உவமை இவ்வாறு பிறந்தது. வேதாந்தமும் சைவசித்தாந்தமும் பயில்வோர் இதனை நன்கறிவர். வடமொழியார் இதனைப் பிரமரகீட நியாயம் என்பர்.

இயற்கையிலே நடப்பது வேறு. தாய்க்குளவி புழுவையோ சிலந்தியையோ கொட்டிக் கொல்லாமற் செயலறச் செய்து, கூட்டினுள் இட்டு, அதனோடு தன் முட்டையையும் வைத்து மூடுகின்றது. முட்டையிலிருந்து வெளிப்படும் குஞ்சு அவ்விரையை உண்டு வளர்ந்து குளவியாகின்றது. பிரெஞ்சு நாட்டு ஆசிரியரான ஃபாபர் (1823 – 1915) இத்தகைய வேட்டைக் குளவிகளை ஆண்டுக்கணக்கிற் கூர்ந்து நோக்கி விரிவாக எழுதினார். ஆசிரியத் தொழிலில் உள்ள நாம், அந்த உவமையை வகுப்பிலே இனிச் சிறிது எச்சரிக்கையோடுதான் எடுத்தாள வேண்டும்!

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது யாதெனின், பிரமரம் என்னும் சொல்லாகும். வடமொழியிலே அது பெரிதும் வண்டையும் தேனீயையும் குறிப்பது. மேற்சொன்ன நியாயத்திலோ அது குளவியாய் நிற்கின்றது. அதே சொல் பாளியிலே பமரமாகி, சிங்களத்திலே பம்பராவாகி, மலைத்தேனீக்குப் பெயராயிற்று. எனவே தேனீயையும் குளவியையும் ஒன்றாக மயங்குதல் இன்றைய தமிழ்ச் செய்தியாளர் தொடங்கிவைத்த குற்றமன்று. அது மிகப் பழைய மயக்கம்.

ஆயினும், தமிழ் இத்துறையிற் சொல்வறுமை உடைய மொழியன்று. சுரும்பு, ஞிமிறு, தும்பி, தேன், வண்டு என்று நம் புலவர் பல பெயர்களை ஆண்டனர். உரையாசிரியர்கள், மணத்தை நாடும் இயல்பு கொண்டு அவற்றிடையே வேறுபாடு காட்டவும் முயன்றனர். தொல்காப்பியர் மரபியலிலே தும்பியை நண்டோடு சேர்த்து நாலறிவுயிராக வகுத்தார். தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல் என்னும் நான்கும் அதற்கு உண்டு. கேள்வியறிவு இல்லை என்பது அவர் வகுப்பின் பொருள். இன்று தும்பி என்றால், மழைக்குமுன் தாழப் பறக்கும் தட்டாரப்பூச்சியைக் காட்டும் பிள்ளைகளே அதிகம். சொற்கள் இடம் மாறுதல் இயல்பு. இடம் மாறிய சொல்லால் உயிருக்குக் கேடு வருமாயின், அதனைத் திருத்துதல் கற்றோர் கடன்.

அயலவர் மறவாத வேறுபாடு

மாத்தளையிலே நம்மோடு அடுத்தடுத்து வாழும் சிங்களக் கிராமத்தவர் இவ்வேறுபாட்டை இழந்துவிடவில்லை. மரப்பொந்திலும் பானையிலும் அடுக்கடுக்காய் அடை கட்டுவது மீமெஸ்ஸா. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடை கட்டுவது பம்பரா. புதரின் சிறுகொம்பிலே கையளவு அடை கட்டுவது தண்டுவெல். கொடுக்கின்றிச் சுவர்த்துளையிலே வாழும் சின்னஞ்சிறியது கணமீயா. குளவிக்கு அவர்களிடம் முற்றிலும் வேறான பெயர் உண்டு: தெபரா. பம்பராவைத் தெபரா என்று எந்தக் கிராமத்துச் சிறுவனும் சொல்லமாட்டான்.

இவ்வறிவு பழமையானது. 1660 தொடக்கம் 1679 வரை கண்டி இராச்சியத்திலே சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலிலே இத்தீவின் தேனீக்களை மூவகையாகப் பிரித்து, அவற்றின் சிங்களப் பெயர்களையும் குறித்திருக்கின்றார். அவற்றுள் பம்பரா பருமனிற் பெரியது என்றும், உயர்ந்த மரக்கிளைகளிலே கண்ணுக்குத் தெரியும்படி திறந்த அடை கட்டும் என்றும், காலம் வந்தபோது ஊரார் நாற்பது ஐம்பது பேராகத் திரண்டு காடு சென்று அத்தேனைக் கொண்டுவருவர் என்றும் அவர் எழுதுகின்றார். வேற்று நாட்டவர் ஒருவர் ஊராரிடம் கேட்டறிந்து பிரித்தெழுதிய உயிர்களை, இந்நாட்டிலேயே வாழும் நாம் ஒரே பெயரில் அடக்குதல் தகுமா?

மலைத்தேன் நமக்கும் புதியதன்று. பாரியின் பறம்புமலைக்கு உழவர் உழாமலே கிடைக்கும் விளைவுகள் நான்கு என்று கூறும் கபிலர், மூங்கில்நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு என்பவற்றோடு தேனையும் எண்ணுகின்றார். தேன் எடுப்போர் மலைச்சரிவிலே சார்த்திய கணுமூங்கில் ஏணிக்கு மால்பு என்று தனிப்பெயரே இருந்தது. 1911இல் வேடர் வாழ்வை ஆராய்ந்து நூல் வெளியிட்ட செலிக்மன் இணையர், இந்நாட்டு வேடர் கொடியாற் பின்னிய ஏணியிலே பாறைமுகத்தில் இறங்கித் தேனெடுத்த முறையை விவரிக்கின்றனர். ஏணிக்கும் பெயரிட்டவர் வழியில் வந்த நாம், ஏணியின் நுனியில் இருந்த உயிரின் பெயரை மறந்தோம்.

சீகிரியாவின் காவலர்

நம் மாவட்டத்திலேயே இம்மயக்கத்துக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அது சீகிரியாக் குன்று. காசியப்பன் (477 – 495) கோட்டை அமைத்த அக்குன்று, சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்பது. 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அரசன் போனான், அரண்மனை அடித்தளமாயிற்று. பாறையின் பிதுக்கத்தின் கீழே மலைத்தேனீக்கள் மாத்திரம் தங்கள் அடைகளைக் கட்டி வருகின்றன. அவை கலைந்து வந்து யாத்திரிகரைக் கொட்டியதனால் வாயில்களை மூடவேண்டி வந்த நாட்கள் உண்டு. சிங்கப் பாதங்கள் அமைந்த மேடையிலே, இத்தகைய வேளையில் மக்கள் புகுந்துகொள்வதற்காகக் கம்பிவலைக் கூண்டொன்று அமைக்கப்பட்டது. உலகெங்கும் விலங்கைக் கூண்டில் அடைத்து மனிதன் வெளியே நின்று பார்ப்பான்; அங்கே மனிதன் கூண்டுக்குள்; தேனீ வெளியே.

அவ்விடத்து எச்சரிக்கைப் பலகையிலே, சத்தமிட்டால் தாக்கக்கூடும் என்று கூறப்படும் பூச்சிக்கு ஆங்கிலத்தில் இடப்பட்ட பெயர் ஹோர்னெட் என்பது. அது பெருங்குளவியின் பெயர். பாறையில் தொங்குவதோ மலைத்தேனீ. பலகையைப் பார்த்த வெளிநாட்டார் பலரும் குளவி என்றே எழுதிச் செல்கின்றனர். தமிழிலே மாத்திரம் இம்மயக்கம் இருப்பதாக நாம் நாணவேண்டுவதில்லை. ஆங்கிலமும் அவ்வாறே தடுமாறி நிற்கின்றது.

அமைதி காக்கச் சொல்லுதல் நல்லதே. மனிதருக்கு உள்ளது போன்ற செவி தேனீக்கு இல்லை என்ற அளவில் தொல்காப்பியரின் வகுப்புப் பொருந்துகின்றது. ஆயினும் அதிர்வை அது கால்களாலும் உணர்கொம்புகளாலும் அறியும். கூச்சலிடும் கூட்டம் கூச்சலோடு நிற்பதுமில்லை. அது ஓடும், கைவீசும், சில வேளை கல்லும் எறியும். கறுத்த நிறமும் விரைந்த அசைவும் மூச்சுக்காற்றும் காவல் தேனீக்களைச் சினமூட்டுவன. ஆதலின் அவை முதலில் நாடுவது மனிதரின் தலையையும் முகத்தையுமே. தலைவியின் கூந்தலினும் மணமுள்ள மலர் உண்டோ என்று தும்பியை நோக்கி வினவும் குறுந்தொகைப் பாட்டை நாம் வகுப்பிலே நயந்து கற்பிக்கின்றோம். கூந்தலுக்குள் சிக்கிய தேனீ என்ன செய்யும் என்பதைத் தோட்டத்துப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

மலைத்தேனீக்கள் ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் தங்குவன அல்ல. பூக்காலத்தைப் பின்பற்றி இடம்பெயர்வன. இலங்கையிலே அவற்றின் இடப்பெயர்வைப் பற்றி கோனிகர் இணையர் செய்த ஆய்வு 1980இல் வெளிவந்தது. ஒரு கூட்டம் பல மாதங்களின் பின் முன்னிருந்த அதே இடத்துக்குத் திரும்பி வருதலும் உண்டு என்பதை இந்தியாவில் நடந்த மரபணு ஆய்வு காட்டியது. சென்ற ஆண்டு இருந்த கிளையில் இவ்வாண்டும் வரக்கூடும் என்று தெரிந்தால், எந்த மரத்தின் கீழே எந்த மாதத்தில் வேலைக்கு ஆளனுப்பக்கூடாது என்பதைத் தோட்டம் முன்கூட்டியே வகுக்கலாம். பெயரை அறிந்தவனுக்கே இந்த வழக்கமும் தெரியவரும். எங்கிருந்தோ வந்து கொட்டிய குளவி என்று நினைப்பவனுக்கு, அது என்றும் எதிர்பாராத விபத்தே.

கொடுக்குச் சொல்லும் வேறுபாடு

இனி, பெயர் தவறுதலால் உயிருக்கு நேரும் கேட்டினைக் கூறுவேன். குளவியின் கொடுக்கு வழவழப்பானது. அது குத்தும், இழுத்துக்கொள்ளும், மீண்டும் குத்தும். தேனீயின் கொடுக்கிலே பின்னோக்கிய முட்கள் உண்டு. குத்திய கொடுக்கு மனிதரின் தோலிலே மாட்டிக்கொள்ளும். தேனீ பறக்கும்போது கொடுக்கோடு நஞ்சுப்பையும் பிய்ந்து நம் உடலிலேயே தங்கும். தேனீ இறந்துவிடும், நஞ்சுப்பையோ தொடர்ந்து துடித்து நஞ்சை உட்செலுத்திக்கொண்டேயிருக்கும். ஆதலின் தேனீ கொட்டினால் முதற்செயல், கொடுக்கை நொடியும் தாமதியாமல் அகற்றுவதே. நகத்தால் கிள்ளக்கூடாது, கத்திமுனையால் வழித்தே எடுக்கவேண்டும் என்று சொல்லப்படுவதுண்டு. அமெரிக்க ஆய்வாளர் மூவர் 1996இல் த லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, எடுக்கும் முறையினும் எடுக்கும் விரைவே முக்கியம் என்று காட்டியது. கத்தியைத் தேடி ஓடும் நேரத்திலே நஞ்சு உள்ளே போய்விடும்.

இன்னுமொன்று. பதிந்த கொடுக்கிலிருந்து ஒரு மணம் கிளம்பும். 1962இல் கனடா நாட்டு ஆய்வாளர், வாழைப்பழ வாசனை கொண்ட ஒரு பொருளை அதிற் கண்டறிந்தனர். அது மற்றத் தேனீக்களுக்குப் போர்முரசு. கொட்டுப்பட்ட இடத்தை நோக்கி மேலும் மேலும் வந்து கொட்டும்படி அது அழைக்கும். மலைத்தேனீயிடம், காற்றில் எளிதிற் கரைந்துபோகாத வேறொரு மணப்பொருளும் உண்டு. ஆகவே கொட்டுப்பட்டவர் அவ்விடத்திலேயே நின்று கைவீசுதல் பெருந்தவறு.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி சில நாள் வகுப்புக்கு வரவில்லை. வந்தபோது காரணம் கேட்டேன். "அம்மாவைக் குளவி கொட்டிவிட்டது சேர்" என்றாள். எங்கே கூடிருந்தது என்றேன். "டர்பன்டைன் மரத்து உச்சியிலே. பருந்து வந்து அடித்ததாம்." மேலும் வினவியபோது அவள் கூறியது இன்றும் என் நெஞ்சில் நிற்கின்றது. தாயை லயத்துக்குக் கொண்டுவந்து, சுண்ணாம்பும் மஞ்சளும் தேடிப் பூசினார்களாம். நெடுநேரத்தின் பின் தலையைச் சீவும்போதுதான், சீப்பிலே முள் முள்ளாய் வந்ததாம். குளவிக்கு முள் தங்காது என்பது தோட்டத்துப் பெரியோர் அறிந்ததே. ஆதலால் எவரும் தலைமயிரை விலக்கிப் பார்க்கவில்லை. அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார். அறிவு இருந்தது, பெயர் தவறியதால் அந்த அறிவே பயனற்றுப்போயிற்று.

பருந்து அடித்தது என்று அவள் கூறியதும் பொய்யன்று. தேன்பருந்து என்னும் பறவை மலைத்தேனீயின் அடையைப் பிய்த்துண்ணும் இயல்பினது. பருந்து தன் இரையோடு பறந்துவிடும்; சினந்தெழுந்த கூட்டம் கீழே நிற்பவர்மேல் இறங்கும். காற்றில் முறிந்த கிளையும், எவரோ எறிந்த கல்லும் இவ்வாறே. ஒரு குற்றமும் செய்யாது குனிந்து கொழுந்து பறிக்கின்றவளே தண்டனை பெறுகின்றாள்.

தேனீக்கள் துரத்தினால் செய்யத்தக்கது இது: முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு, நேராக விரைந்து ஓடிக் கதவடைத்த கட்டடத்தினுள்ளோ வாகனத்தினுள்ளோ புகவேண்டும். படங்கும் கூடைத்துணியும் இதற்கு உதவும். நீரினுள் மூழ்குதல் கூடாது. தலை வெளிவரும்வரை அவை காத்திருக்கும். சீகிரியா போன்ற செங்குத்தான படிகளில் ஓடுதலே ஆபத்தாதலின் அங்கே கூண்டு அமைந்தது. உட்புகுந்தவுடன் கொடுக்குகளைக் களைந்து, சவர்க்காரமிட்டுக் கழுவிக் குளிர்நீர்த்துணி வைக்கலாம். ஒவ்வாமை உள்ளவரை ஒரே கொட்டும் கொல்லவல்லது. மூச்சுத்திணறலோ, முகவீக்கமோ, மயக்கமோ கண்டால் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். ஒவ்வாமை இல்லாதவராயினும், பல கொடுக்குகள் ஏறியவர் நலமாயிருப்பதாகத் தோன்றினாலும் வீட்டிலே படுத்துவிடலாகாது. தசையும் சிறுநீரகமும் பின்னரே பழுதுறுதல் உண்டு.

வீட்டருகே வந்தால்

வீட்டையும் பாடசாலையையும் நாடி வரும் இவ்வுயிர்களுக்கு ஒரே மருந்து தீப்பந்தம் என்று நினைப்பவர் நம்முட் பலர். வந்தது எது என்று அறிந்தால், பெரும்பாலும் பந்தத்துக்கு வேலையே இல்லை.

சுவரிலே மண்கூடு கட்டும் தனிக்குளவிக்குக் காக்கவேண்டிய கூட்டம் இல்லை. கையாற் பிடித்தாலன்றி அது கொட்டுவது அரிது. அதன் பிள்ளை வெளியேறிய பின் மண்ணைத் தட்டிவிட்டால் போதும். மரக்கிளையிலே திடீரென்று பந்துபோலத் திரண்டு தொங்கும் சிறுதேனீக் கூட்டம், புதுவீடு தேடிப் போகும் வழியில் இளைப்பாறுவது. சில மணிநேரத்திலோ ஓரிரு நாளிலோ தானே போய்விடும். சுவர்ப்பொந்திலோ கூரையிலோ குடிபுகுந்த அடுக்குத்தேனீயைப் பெட்டிக்கு மாற்றலாம். இந்நாட்டிற் பெட்டியில் வளர்க்கப்படுவது இவ்வினமே. விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவில் இருந்து இத்துறையிற் பணிபுரிகின்றது. வீட்டுக்கு வந்த பகை என்று கருதியது, வீட்டாருக்கு வருவாயாகவும் கூடும்.

காகிதம் போன்ற சாம்பல்நிற உறையினுள் பெருங்கூட்டமாய் வாழும் குளவி வேறு. கரிய உடலில் அகன்ற மஞ்சட்பட்டை கொண்ட அக்குளவி உண்மையிலேயே அஞ்சத்தக்கது. அதனால் உயிரிழந்தோரும் இந்நாட்டில் உளர். ஆள் நடமாடும் இடத்தில் அது கூடு கட்டினால், பழக்கமும் காப்புடையும் உள்ளவரைக் கொண்டே அகற்றவேண்டும். சிறுவர் கல்லெறியும் முன்னர் பெரியோர் அதனைக் கண்டுகொள்வது நன்று.

மலைத்தேனீயோ பொறுமையாற் கடக்கவேண்டியது. எங்கள் பாடசாலையின் நீர்த்தாங்கியின் அடியிலே ஒரு முறை அடை கட்டிற்று. பெற்றோர் கூடினர். இரவிலே மண்ணெண்ணெய்ப் பந்தம் பிடிக்கலாம் என்றார் ஒருவர். மருந்து தெளிக்கலாம் என்றார் மற்றொருவர். பிள்ளைகளின் உயிர் ஒருபுறம். காலங்கடத்த எவருக்கும் மனமில்லை. அப்போது எங்கள் காவலாளியான முதிய சிங்களவர், "மாத்தயா, இது தெபரா அல்ல, பம்பரா. பூ முடிந்தால் தானே போகும். இப்போது சுட்டால் இரவு முழுவதும் ஊரெல்லாம் கொட்டும்" என்றார். கூட்டம் அவர் சொல்லைக் கேட்டது. தாங்கியைச் சுற்றிக் கயிறு கட்டினோம். காலைக்கூட்டத்தை மறுபக்க முற்றத்துக்கு மாற்றினோம். அருகிலிருந்த மின்விளக்கை இரவில் அணைத்தோம். மலைத்தேனீ நிலவொளியிலும் பறக்கவல்லது, விளக்கொளிக்கு வந்து விழுந்து வெறுங்காலில் மிதிபட்டுக் கொட்டுவது. ஓரிரு பிள்ளைகளுக்கு அவ்வாறு கொட்டியதன்றி வேறு தீங்கு நேரவில்லை. சில மாதங்களில் கூட்டம் எழுந்து போயிற்று. எஞ்சிய மெழுகடையைச் சுரண்டி, மணம் போகக் கழுவினோம். அவ்வடையின் துண்டொன்று எங்கள் விஞ்ஞான அறையிலே இருக்கின்றது.

காத்திருத்தல் எவ்விடத்தும் இயலும் என்று நான் சொல்லவில்லை. வைத்தியசாலை வாயிலிலும் தொழிலாளர் நாள்தோறும் நடக்கும் பாதையிலும் அடை இருந்தால் அகற்றவே வேண்டும். மனித உயிருக்குப் பின்னரே மற்றது. அங்கும், இன்னது என அறிந்தவனே அளவறிந்து செய்வான். மலைத்தேனீ நமக்குச் செய்யும் நன்மையும் சிறிதன்று. குடகு நாட்டுக் கோப்பித் தோட்டங்களிலே பூவைக் காயாக்கும் தலையாய உயிர் மலைத்தேனீயே என்று ஆய்வாளர் கண்டனர். மாத்தளையின் மலைகளில் விளையும் ஏலத்துக்கும் தேனீயின் உதவி வேண்டும். நம் வீட்டுப் பின்புறத்துப் பூசணியும் பாகலும் தேனீ வராத ஆண்டிலே காய்க்கத் தயங்கும்.

பிற உயிர்களிடத்தும்

பெயர்மயக்கம் தேனீயோடு நிற்பதன்று. வளவிலே எலி பிடிக்க வந்த சாரையை நாகமென்று அடித்துக் கொன்றுவிட்டு, பின்னர் எலி பெருகிற்று என்று வருந்துவோரை நாம் அறிவோம். 2025 மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணி தொடக்கம் ஐந்து நிமிடங்கள், பயிரழிக்கும் உயிர்களை நாடு முழுவதும் மக்களே எண்ணினர். குரங்கு, மந்தி, மரஅணில், மயில் ஆகியன எண்ணப்பட்டன. சங்கத் தமிழில் மந்தி என்பது பெண்குரங்கு, ஆண் கடுவன். ஈழத்துப் பேச்சிலே மந்தி என்பது நீண்ட வாலும் கறுத்த முகமும் உடைய வேறோர் இனம். இலக்கியப் பொருளைக் கொண்டு ஒருவர் எண்ணத் தொடங்கியிருந்தால், கணக்கு என்னவாகியிருக்கும்! தென்னையிலும் மிளகிலும் இழப்புக் கண்ட மாத்தளை விவசாயியின் துயர் நகைப்புக்குரியதன்று. அத்துயருக்கு மருந்து தேடுமிடத்தும், எவ்வுயிர் எப்பயிரை எக்காலத்தில் அழிக்கின்றது என்று பெயர் சொல்லிக் கணக்கெடுத்தல் முதற்படியாகும்.

கற்றோர் செய்யத்தக்கது

மூன்று பணிகள் நம் கையிலே உள்ளன. பத்திரிகைக்குச் செய்தி எழுதுவோர், கூடு எங்கே எவ்வாறு இருந்தது என்று ஒரு வினாக் கேட்டு, திறந்த அடையாயின் மலைத்தேனீ என்றே எழுதுக. மலைத்தேனீ என்ற பெயர் புதிதாகப் புனைந்ததன்று; தமிழர் பலரின் வாயில் வழங்குவதே. தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ, குளவி என்னும் ஐந்தையும் கூட்டின் வடிவத்தோடு படம் வரைந்து வகுப்புச் சுவரிலே தொங்கவிடுக. அதனைப் பிள்ளைகள் லயத்துக்குக் கொண்டுசெல்வர். தோட்ட நிருவாகத்தினர், அடை தொங்கும் மரங்களை முன்னரே குறித்து, கொழுந்து பறிக்கச் செல்வோருக்குப் பிரட்டுக்களத்திலேயே அறிவித்து, ஒதுங்குவதற்கு அருகில் ஓரிடமும் அமைத்துக் கொடுக்க. சீகிரியாவைக் காண வருகின்ற யாத்திரிகருக்குக் கூண்டு கட்டப்பட்டது. நாள் முழுவதும் அதே தேனீயின் கீழே நின்று உழைக்கும் பெண்ணுக்கும் ஒரு கூண்டு வேண்டாமா?

கொட்டிய உயிர் இன்னதெனத் தெரிந்தால், யாரிடம் காவல் கேட்பது, எந்த மாதத்தில் கேட்பது, என்ன காவல் கேட்பது என்பனவும் தெரியவரும். விபத்து என்ற பெயரால் மூடப்படும் பல துயரங்கள், தடுத்திருக்கக்கூடியவை என்று அப்போது புலப்படும். அதனாலேயே, சொல்லைத் திருத்தவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கின்றேன்.